வாட்ஸ்அப்பில் நிலுவைக்காரர் படம் போடலாமா?

சென்ற மாதம் கரியாலூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர் ஒருவர் கள்ளக்குறிச்சிக்குச் சரக்கெடுக்க வந்த கையோடு நம்மையும் வந்து பார்த்தார். ஒரு கையில் பற்று வரவு நோட்டு, மறு கையில் கைப்பேசி. நோட்டில் பதினோரு பேர் கணக்கில் ரூ.1,86,000 நிலுவை நிற்கிறது. மரவள்ளி பிடுங்கியதும் தருகிறேன், புளி விற்றதும் தருகிறேன் என்று சொன்னவர்கள் இரண்டு வெள்ளாமை கடந்தும் தரவில்லை. ஆகவே அந்தப் பதினோரு பேரின் படங்களையும் தொகையையும் போட்டு, மேலே நாலு வார்த்தை எழுதி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் வெளியிடத் தயாராக வைத்திருந்தார். அந்த நாலு வார்த்தைகளில் இரண்டை இந்த இதழில் அச்சிட முடியாது. வெளியிடுவதற்கு முன்னால் நம்மிடம் காட்டினாரே, அது அவருடைய நல்ல காலம்.

அவர் மீது நமக்குக் கோபம் வரவில்லை. மொத்த வியாபாரிக்கு வாரா வாரம் பணம் கட்டியாக வேண்டும். மலைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி வாடகை தனி. கடன் கொடுக்காவிட்டால் வியாபாரம் இல்லை, கொடுத்தால் முதல் இல்லை என்ற நிலையில்தான் நம்மில் பலர் கடை நடத்துகிறோம். "கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை மாட்டிவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்து கடன் எழுதியவர்கள்தாம் நாம். அந்தக் காலத்தில் சில கடைகளில் நிலுவைக்காரர் பெயரைச் சிலேட்டில் எழுதி வைப்பதும் உண்டு. ஆனால் சிலேட்டைக் கடைக்கு வந்த இருபது பேர் பார்த்தார்கள், மறுநாள் ஈரத் துணியால் துடைத்தால் போயிற்று. கைப்பேசியில் போட்டது சின்னசேலத்துக்கும் போகும், சிங்கப்பூருக்கும் போகும். நாம் அழித்தாலும் பிறர் கைப்பேசியில் இருக்கும். அதனால்தான் இந்த விவகாரத்தைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பேச்சுரிமை பத்திரிகைக்காரர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் உரிய சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. பேச்சுரிமையைத் தருவது அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. வணிகம் செய்யும் உரிமையைத் தருவதும் அதே 19-ஆவது பிரிவுதான். இரண்டுக்கும் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. பேச்சுக்கான கட்டுப்பாடுகள் இன்றைய வடிவம் பெற்றதில் நமது மாநிலத்துக்கும் பங்கு உண்டு. அன்றைய சென்னை மாநில அரசு ரொமேஷ் தாப்பர் நடத்திய "கிராஸ் ரோட்ஸ்" என்ற ஆங்கில வார இதழை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அதற்கடுத்த ஆண்டே, 1951-இல், முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவற்றையும், "நியாயமான" என்ற சொல்லையும் சேர்த்தது. அவதூறு, ஒழுக்கக் கேடு, நீதிமன்ற அவமதிப்பு, நாட்டின் பாதுகாப்பு முதலியனவும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஒருவருக்கு எரிச்சல் உண்டாக்குவது அந்தப் பட்டியலில் இல்லை.

இதை மறந்துபோய்ப் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 66-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கணினி அல்லது கைப்பேசி வழியே பிறருக்கு எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்கும் செய்தி அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை. எது எரிச்சல், யாருக்கு எரிச்சல் என்பதற்கு அளவுகோல் கிடையாது. முத்திரையில்லாத தராசை வைத்து எடை போட்டதைப் போலத்தான்.

அதன் விளைவைப் பாருங்கள். 2012 அக்டோபரில் பக்கத்துப் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் அதிபர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனது சொத்தைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டார். அவர் எழுதுவதைத் தொடர்ந்து படித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். கைதான பிறகு அந்த ஒரு வரியை நாடே படித்தது. அடுத்த மாதம் பால் தாக்கரே மறைந்தபோது மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டன. மரியாதையால் அல்ல, அச்சத்தால்தான் அடைத்தார்கள் என்ற பொருளில் பால்கர் ஊரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் பேஸ்புக்கில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு விருப்பம் தெரிவித்தார். இருவரும் கைது. கடையடைப்பு எப்படி நடக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பெண் எழுதியதை நம்மில் எத்தனை பேர் ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டே முணுமுணுத்திருப்போம்!

ஷ்ரேயா சிங்கல் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் சென்றார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் ஆகியோர் 66-ஏ பிரிவை முழுமையாக ரத்து செய்தனர். ஒன்றைப் பற்றி விவாதிப்பதும், ஒரு கருத்துக்காக வாதாடுவதும், பிறருக்குக் கசந்தாலும்கூட, உரிமைதான். தூண்டிவிடுதல் என்ற கட்டத்துக்குப் போகும்போதுதான் சட்டம் தலையிடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதன் பிறகும் சில மாநிலங்களில் காவல்துறை பழைய பிரிவிலேயே வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், 66-ஏ பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. கேரளத்தில் 2020 நவம்பரில் இணைய வசைக்குத் தண்டனை தர 118-ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே கைவிட்டார்கள்.

இணைய வசையைத் தண்டிக்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. 2016 ஜூன் மாதம் நம் மலைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டம் இளம்பிள்ளை அருகே ஒரு பட்டதாரிப் பெண், தன் முகத்தை ஒட்டித் தயாரித்த ஆபாசப் படம் பேஸ்புக்கில் வந்ததால் உயிரை விட்டார். புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமானது, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஜப்பானில் 2020-இல் ஹனா கிமுரா என்ற இளம் மல்யுத்த வீராங்கனை இணைய வசை தாங்காமல் இறந்தார். அதையடுத்து 2022-இல் அந்நாடு அவமதிப்புக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை என்று தண்டனையை உயர்த்தியது. முன்பு அது முப்பது நாளுக்கும் குறைவான காவல்தான். நம்மவர் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் 2014-ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டம் உண்டு. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய படம், தொலைபேசி எண் போன்ற விவரங்களை வெளியிடுவதே குற்றம் என்று அதில் 2019-இல் சேர்த்தார்கள். கரியாலூர் உறுப்பினர் அங்கே கடை வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

நம் நாட்டில் 66-ஏ போய்விட்டதால் இனி யாரை எதையும் எழுதலாம் என்று எண்ணுவது பெரும் தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் போதுமான பிரிவுகள் இருக்கின்றன. மிரட்டலுக்கு 351-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. கொலை மிரட்டல் என்றால் ஏழாண்டு வரை. பெயரை மறைத்துப் பொய்க் கணக்கிலிருந்து மிரட்டினால் மேற்கொண்டு இரண்டாண்டு. பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு 78-ஆவது பிரிவு, அவள் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கு 79. இரண்டிலும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆபாசப் படத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆவது பிரிவில் முதல் முறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். கடையில் வேலை செய்யும் பெண்களை வாடிக்கையாளர் எவரேனும் படமெடுத்து விளையாடினால், "போகட்டும் விடம்மா" என்று முதலாளி சொல்லிவிடக்கூடாது.

இப்போது நம் உறுப்பினரின் பதினோரு படங்களுக்கு வருவோம். இங்கே வருவது அவதூறு, 356-ஆவது பிரிவு. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமுதாயப் பணி. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பதே பேச்சுரிமைக்கு விரோதம் என்று சுப்பிரமணியன் சுவாமி முதலியோர் வழக்குத் தொடுத்தபோது, 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவரின் நற்பெயரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது.

"நான் எழுதியது உண்மைதானே, அவன் பணம் தர வேண்டியதுதானே" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உண்மை என்பது மட்டும் போதாது. அது வெளியாவதில் பொது நன்மையும் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் முதல் விதிவிலக்கு சொல்கிறது. ஒரு குடும்பம் அரிசி, பருப்பு வாங்கிய வகையில் நாலாயிரம் ரூபாய் பாக்கி என்பதை ஊர் அறிவதில் என்ன பொது நன்மை என்று நீதிபதி கேட்டால் பதில் சொல்வது கடினம். இரண்டாவது, அவர் எழுதியிருந்தது "பாக்கி" என்று அல்ல, "திருடன்", "ஏமாற்றுக்காரன்" என்று. கடனைத் திருப்பித் தராதது திருட்டு ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட முடியாவிட்டால் மோசடியும் ஆகாது. அது சிவில் விவகாரம். ஆகவே உண்மை என்று அவர் நினைத்த வாசகமே சட்டத்தின் கண்ணில் உண்மையில்லை.

சக வியாபாரியை எச்சரிக்கவே கூடாதா என்றால், அப்படியில்லை. தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்துடன் சொல்வதற்கும், எச்சரிக்கை தேவைப்படுகிறவருக்கு எச்சரிக்கை சொல்வதற்கும் அதே பிரிவில் ஒன்பது, பத்தாவது விதிவிலக்குகள் இடம் தருகின்றன. ஒரு தரகர் பலரிடம் சரக்கெடுத்துக் காசோலை திரும்பிக்கொண்டிருந்தால், தேதி, தொகை, காசோலை எண் முதலியவற்றைக் குறித்துச் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதலாம். வசவு இல்லாமல், தெரிந்ததை மட்டும், தெரிய வேண்டியவருக்கு மட்டும். அதே விஷயத்தை முந்நூறு பேர் உள்ள ஊர்க் குழுவில், அவர் மனைவி மக்களையும் இழுத்து எழுதினால் அந்த விதிவிலக்கு கைகொடுக்காது. கடையில் திருட்டு நடந்தால் கண்காணிப்புக் கேமராப் பதிவைக் காவல் நிலையத்தில் கொடுப்பதே முறை. குழுவில் போட்டு, படத்திலிருப்பவர் வேறு ஆள் என்று தெரியவந்தால் வழக்கு நம் மீது திரும்பும்.

கரியாலூர், வெள்ளிமலை வட்டாரத்தில் கடை நடத்துவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. கல்வராயன் மலைவாழ் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். கீழ்நாட்டிலிருந்து போய்க் கடை வைத்த நம்மவர்களில் பலர் அப்படியல்லர். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1) பிரிவின்படி, பட்டியல் சமூகத்தவரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் எண்ணத்துடன் அவமதித்தாலோ சாதிப் பெயர் சொல்லி ஏசினாலோ குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. துணைக் கண்காணிப்பாளர் தகுதியில் உள்ள அதிகாரி விசாரிப்பார். முன்ஜாமீனுக்கு 18-ஆவது பிரிவு தடை போடுகிறது. இணையத்தில் வெளியிட்டதும் பொதுமக்கள் பார்வையில் பட்டதுதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு வழக்கில் கூறியுள்ளது. அதே சமயம், பட்டியல் சமூகத்தவர் ஒருவரைப் பற்றிய எல்லா அவமதிப்பும் இந்தச் சட்டத்தின்கீழ் வந்துவிடாது. அந்தச் சமூகத்தவர் என்ற காரணத்துக்காக இழிவுபடுத்தியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில், இதுவும் கேரளத்திலிருந்து வந்த வழக்கில்தான், விளக்கி முன்ஜாமீனும் கொடுத்தது. ஆக, பாக்கித் தொகையைக் கேட்டுக் கடிதம் எழுதுவது இச்சட்டப்படி குற்றமில்லை. "மலைக்காரப் புத்தி" என்று ஒரு சொல் சேர்த்தால் கதை வேறு. நம் உறுப்பினர் எழுதி வைத்திருந்த நாலு வார்த்தைகளில் ஒன்று அந்த ரகம்.

"நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் சமாதானம். நடிகர் எஸ்.வி. சேகர் சொன்னதும் அதுதான். 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய, வேறொருவர் எழுதிய பதிவைத் தம் பேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கு நிற்கவில்லை. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்தன. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

குழு நிர்வாகியாக இருப்பவர்களுக்குச் சற்று ஆறுதல் உண்டு. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வேறொருவர் போட்ட செய்திக்காக நிர்வாகி மீதும் வழக்குப் பதிவானது. நிர்வாகி என்பதைத் தவிர வேறு பங்கு அவருக்கு இல்லையென்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியது. ஆனால் நிர்வாகியே ஆள் திரட்டினால் அந்த ஆறுதல் கிடையாது. 2022 ஜூலை 17 அன்று நம் மாவட்டம் கனியாமூரில் நடந்ததை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு மாணவியின் மரணத்துக்கு நியாயம் கேட்பதாக வாட்ஸ்அப் குழுக்கள் மூலம் செய்தி பரவியது, பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. தடையுத்தரவு வந்தது, நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கைதானார்கள். அவர்களில் எத்தனை பேர் நம் கடைகளில் வேலை பார்த்த, நம் கடைகளில் சாமான் வாங்கிய வீட்டுப் பிள்ளைகள்!

மறுபுறமும் பார்க்க வேண்டும். நம்மைப் பற்றி வாடிக்கையாளர் எழுதினால்? "இந்தக் கடையில் எடை குறைவு", "பருப்பில் கல்" என்று எழுதுவது அவர் உரிமை. உண்மையானால் அதில் பொது நன்மையும் இருக்கிறது. உடனே ஆளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிற்பது நமக்கே வினையாகும். தராசு முத்திரையிட்ட சான்றைப் படமெடுத்து அந்த இடத்திலேயே பதில் எழுதுங்கள். மறு எடை போட்டுக் கொடுங்கள். முழுப் பொய் என்றால், அவதூறு வழக்கில் காவல்துறை நேரடியாகக் கைது செய்ய இயலாது என்பதை அறிந்துகொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தனிப்புகார் தாக்கல் செய்ய வேண்டும். காலக்கெடு மூன்றாண்டு. நம் கடைப் பெயரில் போலிக் கணக்கு தொடங்கிப் பணம் வசூலித்தால் அது வேறு குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி, 66-டி பிரிவுகளில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு, மாவட்ட சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். எந்தப் புகாரானாலும், வந்த செய்தியைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். தேதி, எண் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொண்டு கைப்பேசியையும் பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

நம் மீதே பேச்சுக்காக வழக்கு வந்தால் பதறவும் வேண்டாம். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யாமல் முதலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-இலேயே வலியுறுத்தியது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனையுள்ள பேச்சுக் குற்றங்களில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் கூறியிருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, "என் பணத்துக்கு வழி?" என்று கேட்டார் நம் உறுப்பினர். அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. தவணை பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்குச் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குப் போடலாம். அந்த மூன்றாண்டு முடிவதற்குள் நோட்டில் "இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்றாண்டு கிடைக்கும். எழுதத் தெரியாதவரானால் விவரத்தைப் படித்துக் காட்டிக் கைரேகை வாங்கி, பக்கத்தில் ஒரு சாட்சி போட்டுக்கொள்வது நலம். வழக்குச் செலவுக்கு அஞ்சுபவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்தில் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

அவர் படங்களை அழித்துவிட்டு மலையேறினார். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். பதினோரு பேரில் ஆறு பேர் நோட்டில் ஒப்புக்கொண்டு கையொப்பம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பணத்துக்குப் பதில் இரண்டு மூட்டைப் புளியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாராம். மூன்று பேர் கேரளத்தில் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார்கள், பொங்கலுக்கு வருவார்கள். மீதமுள்ள ஒருவர் பெயரில் சட்டப் பணிகள் குழுவுக்கான மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.